லுட்மிலாவின் விலாவுக்குள் அக்கார்டியன்

எண்பத்தோரு வயது லுட்மிலா ஜூபன்சிச்சின் விலா எலும்புகளுக்குள்ளிருந்து அக்கார்டியன் இசை வர ஆரம்பித்தது, அமெரிக்காவின் ஈரி ஏரியில் குளிர்காலப் பனிக்கட்டி உடைந்த அதே வாரத்தில். துள்ளி ஆடுவதற்கென்றே வாசிக்கும் போல்கா மெட்டு. கேட்டவர்களால் ஆடாமல் இருக்க முடியவில்லை. அவள் இருந்த முதியோர் இல்லத்தில் முதலில் ஆடியவர் மருந்து வண்டியைத் தள்ளிவந்த நர்ஸ். வண்டியோடு சேர்ந்தே ஆடினார். பிறகு சக்கர நாற்காலிகள் ஆளோடு சுழன்றன. ஞாபகம் கரைந்து, பேச்சும் நின்றுபோயிருந்த லுட்மிலா நடுவில் உட்கார்ந்து கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சொந்தமென்று யாரும் இல்லாததால் நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமித்திருந்தது. டுவெய்ன் ப்ரிட்சர்ட், பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் டிவியோடு சண்டை போட்டு அலுத்து, சம்பளமில்லாத இந்த வேலைக்குத் தானாகப் பெயர் கொடுத்தவர். வாரம் தவறாமல் வால்நட் ரொட்டியோடு வந்து, அவளுக்கு ஊட்டி, ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவார். அவள் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். முடிவெடுக்க வேண்டிய நேரம் ஏப்ரலில் வந்தது. ஆடியதில் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பு பிசகியது. அவள் தூங்கினால் இசை நிற்கும் என்று லுட்மிலாவைத் தூங்கவைக்க டாக்டர் மாத்திரை எழுதினார்; அதற்குக் காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க டுவெய்ன். எல்லாருக்கும் நிம்மதி," என்றார் இல்லத்தின் மேலாளர் பெர்னிஸ், ஒற்றைக்காலில் குதித்தபடி.

"யாருக்கு நிம்மதி?"

"முதல்ல என் முட்டிக்கு!"

டுவெய்னுக்குப் பயம்தான். இன்னொருவர் விழுந்து உயிர் போய்விட்டால்? தோள்கள் தாளத்துக்குக் குலுங்கக் குலுங்க, நாற்காலி அருகே மண்டியிட்டு லுட்மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "லுட்மிலா, இதை நிறுத்தணுமா, சொல்லுங்க." இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் அவரை உற்றுப் பார்த்தாள்.

"சத்தம் பத்தல," என்றாள்.

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். இல்லத்தார் நீதிமன்றம் போனார்கள். அங்கே லுட்மிலாவும் வந்திருந்ததால், 'ஆபத்து' என்று தொடங்கிய வக்கீல் அடுத்த வாக்கியத்திலேயே காவலரின் இடுப்பைப் பிடித்துச் சுழன்றார். நீதிபதி மார்வா ஸ்டெண்டல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கேட்டார்: "இது அவங்க விருப்பமா, உங்களோடதா?"

"என் விருப்பம்னா நான் உட்கார்ந்திருப்பேன் மேடம். எனக்கு ஆடவே வராது," என்றார் டுவெய்ன், குமாஸ்தாவின் காலை மிதித்தபடி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. மனைவி இறந்தபின் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

மாத்திரை வேண்டாம், கூடத்துக்கு மெத்தைத் தரை போடுங்கள் என்று தீர்ப்பானது. போட்டார்கள். லுட்மிலாவின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. காற்று வாகாக இருந்தால் ஏரியில் மீன் பிடிப்பவர்கள் படகில் நின்றபடி ஆடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் பெர்னிஸ் ஆடத் தெரியுமா என்று கேட்பதில்லை, ரப்பர் ஷூ வாங்கிக் கொடுக்க அளவு மட்டும் கேட்கிறார். சூப்பில் உப்பு குறைவு என்பதைத் தவிர அந்த இல்லத்தைப் பற்றி இப்போது யாரிடமும் புகார் இல்லை.