கமலாவுக்கு ஒரு முகம்

"தள்ளு, இன்னும் தள்ளு" என்றார் பெரியப்பா மாயவன்.

ரம்யாவின் கட்டைவிரல் கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போயிற்று. விடியலில் நெஞ்சு அடைக்கிறதென்று சொல்லி, ஆட்டோ தெருமுனைக்கு வந்து சேர்வதற்குள் அடங்கிப்போன அவளுடைய அம்மா கமலா, கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். வெயில் சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். அதற்கு முன் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். பேனருக்குப் படம் வேண்டும்.

படத்துக்கா பஞ்சம்? கரும்புச் சோகை கிழித்த உள்ளங்கை இருந்தது. கோடைக்கால வயலாக வெடித்த குதிகால் இருந்தது. கோமுகி அணைக்கரையில், இறங்கும் சூரியனுக்கு எதிரே புல்லுக்கட்டோடு நடக்கும் கரிய நிழலுருவம் இருந்தது. முதுகு இருந்தது, பின்கழுத்து இருந்தது, அடுப்புப் புகைக்குள் பாதி கரைந்த தோள் இருந்தது. முகம் இல்லை.

"இன்னா பாப்பா இது? கையி, காலு, முதுவுன்னு கறிக்கடை மாதிரி கூறு கட்டி வெச்சிகினு கீற. மூஞ்சி எங்க?"

"எங்க சார் குடுத்த தலைப்பு அப்படி, பெரிப்பா."

கள்ளக்குறிச்சியில் காட்சி ஊடகக் கலை படிக்கிறாள் ரம்யா. வாராவாரம் ஒரு தலைப்பு வரும். உழைப்பு. தடம். முகமில்லா உருவப்படம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு படம் அனுப்ப வேண்டும். படத்துக்கு நிற்க அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் அம்மாதான். கரும்பு வெட்டிக் களைத்து வந்தவள், அந்தக் களைப்போடே ஜன்னலோரத்து யூரியா மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, "இந்த வாரம் என்னுது இன்னாடி வேணும்? கையா, காலா?" என்பாள். ஒருமுறை, "மூஞ்சி மட்டும் உங்க சாருக்கு ஆவாதா? ஒருநாளு மொகங்கழுவிக்கினு வரேன், எடேன்" என்று சிரித்தாள். அந்த வாரத் தலைப்பு முதுகு.

தவறிப்போய் முகம் விழுந்த படங்களும் இருந்தன. ஆனால் கைப்பேசியில் இடம் கம்மி. ஆசிரியருக்கு அனுப்பியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அவ்வப்போது அழித்துவிடுவது அவள் வழக்கம்.

"கல்யாணப் போட்டோ?" என்று மாயவன் தம்பியைக் கேட்டார்.

சுவரில் சாய்ந்திருந்த ரம்யாவின் அப்பா சடையன், தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையசைத்தார். "கோயில்ல தாலி கட்னது. போட்டோக்காரன்லாம் வரல."

பிறகு எத்தனையோ விசேஷங்கள் வந்து போயின. எல்லாரும் வரிசைகட்டிப் படத்துக்கு நின்ற வேளைகளில் கமலா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஞ்சியது ஆதார் அட்டை ஒன்றுதான்.

பேனர் கடை சிவசங்கர் நேரில் வந்து அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இதப் பெருசு பண்ணா வெறும் புள்ளிதான் வரும்ணே. பேசாம பொட்டியத் தொறங்க. இப்ப கீற மூஞ்சியவே எடுத்துக்கலாம். நாடிக்கட்டு, மூக்குப் பஞ்சு, நெத்திக் காசு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அழிச்சிர்லாம்."

"கண்ணு மூடிகினு கீதேப்பா?" என்றார் மாயவன்.

"தொறந்துர்லாம்ணே. எங்களுக்கு இந்த வேல ஜாஸ்தி. உசுரோட இருக்கறவங்க கண்ணை எடுத்து வெச்சிருவோம். இவங்க ஜாடைல யாரு கீறாங்க?"

கூடத்திலிருந்த அத்தனை பேரும் ரம்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மாவ நீயே எடும்மா. அதுக்குத்தான படிக்கிற" என்று சிவசங்கர் விலகி நின்றான்.

பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். குளிர் முகத்தில் அறைந்தது. மஞ்சள் பூசிய அந்த முகத்துக்கு நேராக ரம்யா கைப்பேசியைப் பிடித்தாள். கழுத்து வலிக்குதுடி, சீக்கிரம் எடு என்று எவரும் சொல்லவில்லை. படம் முதல் தடவையிலேயே துல்லியமாக விழுந்தது.

"அடுத்தது உன் கண்ணு. இப்ப வோணாம், செவந்து கெடக்கு. செவப்பு கொஞ்சம் இருந்தாலும் பிரின்ட்ல அப்படியே தெரியும். அழாம இரு" என்றான் சிவசங்கர்.

"காலம்பரத்துலேர்ந்து அழுதுகினு கீற புள்ளய, நிறுத்துன்னா எப்பிடிப்பா நிறுத்தும்? அது இன்னா கொழாயா?" என்று சீறினாள் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள்.

"கொஞ்சநேரம் அடக்கிக்க, பாப்பா. அம்மாவுக்காவ" என்றார் மாயவன்.

அம்மாவுக்காக அழக்கூட வழியில்லாமற்போன அந்த மகள், தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்து அடித்துக் கழுவினாள். கூடத்தில் மாயவன் பேனருக்கான பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருந்தார். கணவர் சடையன். மூத்தார் மாயவன். அவர் மகன்கள், மருமகன், ஊர்ப் பங்காளிகள். மாண்டவள் பெண். அவள் ஈன்றதும் பெண். மாரடித்து அழுகிற கூட்டம் முழுதும் பெண்கள். துயரத்துக்குச் சொந்தம் கொண்டாடும் வரிசையில் மட்டும் ஒரு பெண்பெயர் இல்லை.

முகம் துடைத்தபடி ரம்யா கேட்டாள்: "என் பேரு, பெரிப்பா?"

"பொட்டப்புள்ள பேர பேனர்ல போடற வழக்கம் நம்மூட்ல இல்லியேம்மா" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லையே என்பதைப்போல் சொன்னார்.

ரம்யா அப்பாவைப் பார்த்தாள். சடையன் வாய் திறந்தார், அண்ணனைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"போடுடா அந்தப் புள்ள பேர" என்று சிவசங்கரிடம் செல்லியம்மாள்தான் சொன்னாள். அவள் சொல் அந்தக் கூடத்தில் எடுபடவில்லை.

"பேரு விசயம் நீங்க பேசிக்கங்க. கண்ண மட்டும் சீக்கிரம் குடும்மா" என்றான் சிவசங்கர்.

ஜன்னலோரத்து யூரியா மூட்டைகளின்மேல் ரம்யா ஏறி உட்கார்ந்தாள். மூட்டைகள் நடுவில் பள்ளம் விழுந்து, ஒருவர் உட்காரும் அளவுக்கு அமுங்கியிருந்தன. இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் வாராவாரம் அம்மாவை அங்கே உட்காரவைப்பாள். கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினாள். கண்களை அகல விரித்தாள். மூச்சைப் பிடித்து ஒன்று எடுத்து அனுப்பினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

பேனர் அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில் வகுப்புத் தோழி இசைவாணி அழைத்தாள்.

"இப்பதான் தெரிஞ்சுதுடி. சார்கிட்ட நான் சொல்லிடறேன். இந்த வாரம் நீ ஒண்ணும் அனுப்ப வேணாம்."

"இந்த வாரம் இன்னா தலைப்பு?" பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"தன்னுருவம். நம்மள நாமளே எடுக்கணும். அத வுடு. சாப்டியா?"



சுடுகாட்டுப் பாதை தொடங்கும் தெருமுனையில், பாதையைப் பார்த்தபடி பேனர் கட்டப்பட்டது. எங்கள் குலவிளக்கு அணைந்தது என்று கொட்டை எழுத்து. கீழே ஆண்களின் பெயர்கள் அடுக்கடுக்காக. நடுவே கமலா, நெற்றியில் குங்குமத்தோடு, கண் திறந்திருந்தாள். வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்து, "அப்டியே கமலா நம்மளப் பாக்கற மாதிரியே கீது" என்று வாய்பொத்தி அழுதார்கள்.

பறை முழங்கப் பாடை கிளம்பிற்று. ரம்யா அதன் பின்னாலேயே நடந்தாள். தெருமுனைக்கு வந்ததும் செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"போதும்மா. பொம்பளைங்க இதோட நின்னுரணும்."

ரம்யா கையை உதறினாள். இரண்டடி வைத்தாள். முன்னே போன ஆண்களில் சிலர் நின்று திரும்பினார்கள். கொள்ளிச்சட்டி ஏந்திய மாயவன் மகனும் திரும்பினான். சடையன் மட்டும் திரும்பவில்லை. அவள் பேனருக்குக் கீழே வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பறைச்சத்தம் தேய்ந்தது. கரும்புத் தோட்டத்தைச் சுற்றிப் பாடை மறையும்வரை, பெயர்களுக்கு மேலிருந்த அந்தக் கண்கள் இமைக்காமல் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரத்தில், எவ்வளவு கழுவியும் போகாத சிவப்பு, சிவசங்கர் சொன்னபடியே அச்சில் விழுந்திருந்தது.