தூசிக்கு அடியில் அப்பா

"அந்தக் கீறலைத் திரும்பப் போடுக்கா! அம்மா பார்த்தா..."

"துடைச்சதைத் திரும்பப் பூசவாடா எனக்குச் சம்பளம்?"

டிஸ்க்கில் வெளியிட, ஒரு பழைய கௌபாய் படத்தின் ஃபிலிமிலிருந்த கீறலையும் தூசியையும் அக்காதான் கணினியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் படப்பிடிப்பில்தான் சண்டைக் கலைஞரான அப்பா குதிரைக்கடியில் சிக்கி இறந்தார். அந்தக் காட்சியை அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார்கள். உடனே உயிர் போய்விட்டது என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். காட்சியை மறைத்திருந்த கீறலும் தூசியும் போனதும் உண்மை தெரிந்தது. நசுங்கிய மார்போடு, வாயில் ரத்தம் கொப்பளிக்க, அவர் கை நீட்டிக் கூப்பிடுகிறார். கேமரா நிற்கவேயில்லை.

தம்பி ஃபிலிம் டப்பாவைத் தூக்கி அவள் நெற்றியில் அடித்தான். வழிந்த ரத்தம் கண்ணை மறைக்க, அவள் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைத் திரையில் மோதினாள்.

"நல்லா பாருடா. அவர் கூப்பிட்டப்ப எவனும் வரல. இப்ப நீயும் அவர் வாயைப் பொத்தப் போறியா?"