கலப்படமில்லாத கடல்

என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல ஹேமநாதனுக்கு எவ்வளவு தைரியம்! அதுவும் அம்பத்தூரில், அவன் வண்ணமீன் கடையில், வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

“இன்னாக்கா, கொழாத் தண்ணி கலந்துட்டியா?”

கடல் மீன் வளர்ப்பவர்களுக்குக் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொடுப்பது என் பிழைப்பு. பட்டினப்பாக்கத்தில் மொண்டு, லோடு ஆட்டோவில் ஏற்றி, நானே ஓட்டி வருவேன். இந்தத் தொழிலில் இது எனக்கு முதல் மழைக்காலம். ஹேமநாதனிடம் சின்னக் குழல் மாதிரி ஒரு மீட்டர் உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே தெரியும் கோடு உப்பைச் சொல்லிவிடும். முப்பத்தைந்து என்றால் நல்ல கடல். அன்று இருபத்தி நாலு காட்டியது.

அவன் வாயோடு விட்டானா? மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் ஆவடிக் கடையும் பூந்தமல்லிக் கடையும் இனி தண்ணீர் வேண்டாம் என்றன. மறுநாள் காலை நேராக அவன் கடைக்கே போனேன்.

“கலக்கலன்னா மாதா மேல சத்தியம் பண்ணுக்கா.”

“மாதாவ ஏன் இஸ்துகினு வர்ற? ஒன் மீட்டர எடுத்துகினு வா. கடலாண்ட போய்ப் பாப்போம்.”

வந்தான். தொட்டி மீன்களுக்குத் தண்ணீர் மாற்றியாக வேண்டும், வராமல் என்ன செய்வான்?

கடல் பழுப்பாக இருந்தது. அலையிலேயே சொட்டு எடுத்தான். இருபத்திரண்டு! கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான், அதேதான். எனக்கே திக்கென்றது. அப்புறம்தான் அடையாற்று முகத்துவாரத்தைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மழைக்குச் செம்பரம்பாக்கம் ஏரியை அடையாற்றில் திறந்துவிட்டிருந்தார்களே!

“நம்ம ஊர்ப்பக்கத்து ஏரிதாண்டா கலந்துகீது!” என்று கத்தினேன்.

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் வாய் குறையவில்லை. “சரி வுடுக்கா. இதையே ஏத்து, நான் உப்பு போட்டு சரி பண்ணிக்கிறேன். குரூப்ல அப்பால சொல்றேன்.”

“அப்பாலயா? என் கேன்ல எவனும் எதையும் கலக்கக் கூடாது. உப்பும்தான்!”

தெரிந்தவரான வேம்புலி அண்ணனின் ஃபைபர் படகில் கேன்களோடு அவனையும் ஏற்றினேன். வெகுதூரம் போனதும் பழுப்பு முடிந்து நீலம் தொடங்கியது, கோடு போட்ட மாதிரி. அதைத் தாண்டி மீட்டரைப் பார்த்தான். “முப்பத்தி நாலுக்கா,” என்று சொன்ன கையோடு ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். நான் பாட்டுக்குக் கேன்களை நிரப்பினேன்.

“தாங்கலக்கா. கரைக்குப் போலாம்.”

“அண்ணே, இன்ஜின நிறுத்து,” என்றேன். “மொதல்ல குரூப்ல பேசு. அப்பால கரை.”

செல்போனை வாயருகே பிடித்தான். “யாரோ தப்பா...”

“யாரோ இல்லடா, நீ!”

“நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஞானகுமாரி அக்கா தண்ணி கலக்கல.”

படகு ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

“பேரு சரியா கேக்கல,” என்றேன். “இன்னொரு தபா சொல்லு.”