மெத்தை அக்கா கொடுத்த கேரண்டி

நீச்சல் டீச்சர் மெத்தையில் மல்லாந்து படுத்துக் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் தூங்கிப் பார்க்காத கட்டில்கள், யாரும் கலைக்காத போர்வைகள். தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டப்பகலில் கடை நடுவே ஒரு பெண் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தால் யாராயிருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள்.

"இப்ப எந்திரிங்க, பாப்போம்" என்றாள் மெத்தை அக்கா.

டீச்சர் வழக்கம்போல நேராக நிமிர்ந்து எழுந்தாள்.

"போச்சு, அத்தனை தையலும் போச்சு. மறுபடியும் படுங்க. முட்டியை மடக்குங்க. ஒருபக்கமா திரும்புங்க. காலைக் கீழ விட்டுட்டு முழங்கையை ஊனி மெதுவா வாங்க. நீங்க எந்திரிச்சது உங்க வயித்துக்கே தெரியக்கூடாது."

அந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு ஏற்பாடு. கர்ப்பப்பையை எடுக்கப்போகிற பெண்ணுக்கு, அதே ஆபரேஷனை ஏற்கெனவே செய்துகொண்ட ஒருத்தியைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். டாக்டருக்குத் தெரியாததும், தெரிந்தாலும் சொல்ல நேரமில்லாததும் எவ்வளவோ உண்டு. அதையெல்லாம் சொல்லித்தருவது துணையின் வேலை. "உங்களுக்கு முன்னாடி போனவங்க ஒருத்தரோட நம்பர் தர்றேன்" என்று நர்ஸ் போனில் சொன்னபோது டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனவர் உயிரோடுதான் இருக்கிறார், மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

மெத்தை அக்காவுக்குக் கணீரென்ற குரல். தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு மகன்கள். கர்ப்பப்பை போனதில் அவளுக்குத் துளிகூட வருத்தம் கிடையாது. "தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போற வழியெல்லாம் அதைத் திட்டிக்கிட்டேதான் போனேன். என்னைப் படுத்தின பாட்டுக்கு டாட்டாவா காட்டுவாங்க?" என்பாள். விற்பது மெத்தையானாலும் வாயில் வருவது எப்போதும் ஒரே வார்த்தைதான். முதுகு வலிக்காது, நான் கேரண்டி. படுத்ததும் தூக்கம் வரும், நான் கேரண்டி. மழை வராது என்பதற்குக்கூட அவள் கேரண்டி கொடுத்து டீச்சர் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு இருவரும் நனைந்தார்கள்.

ஆபரேஷனுக்கு டீச்சர் வாங்கிய மூன்றாவது தேதி இது. முதல் தடவை சளி என்று தள்ளிப்போட்டாள். அடுத்த தடவை பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி என்றாள். கர்ப்பப்பையில் கட்டிகள் பெருத்து, உதிரம் கொட்டி, ரத்தம் குறைந்து, ஒருநாள் குளத்தோரம் நிற்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் பிள்ளைகள் இருக்கும்போது டீச்சருக்குக் கண் இருட்டினால் என்ன ஆகும்? அதற்குமேல் அவளாலும் சாக்குச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அவளுக்குக் கத்தியைக் கண்டு பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எனக்கு ஆபரேஷன்ல பயம் இல்லக்கா" என்றாள், அன்றைக்கு அந்தக் கட்டிலில் ஒருக்களித்தபடியே. கடையில் வேறு ஆள் இல்லை. மெத்தை அக்கா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

கல்யாணமான புதிதில் டீச்சருக்கு ஒரு கரு தங்கியது. ஆணா பெண்ணா என்று தெரிவதற்கு முன்பே கலைந்துவிட்டது. பிறகு தங்கவேயில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, கணவரும் எடுக்கவில்லை. ஆனால் மாதாமாதம், விலக்காவதற்கு முந்தைய தூக்கத்தில், அவளுக்கு ஒரே கனவு வரும். ஆளில்லாத நீச்சல்குளம். விளிம்புவரை தண்ணீர். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண். முதல் வருஷங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தாள். பிறகு மிதந்தாள். இப்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே மூச்சில் போகிறாள். பேசமாட்டாள், மேலேறி வரமாட்டாள். அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கும்போது டீச்சருக்கு விழிப்பு வந்துவிடும். விழித்ததும் அடிவயிற்றில் வலி இருக்கும். மற்ற பெண்கள் முகம் சுளிக்கிற அந்த வலியை இவள் எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

"அவ இருந்த ஒரே இடம் அதுதான். அதையே எடுத்துட்டா அப்புறம் எங்கேருந்து வருவா?" என்று கேட்டாள் டீச்சர்.

மெத்தை அக்காவின் கண் கலங்கிவிட்டது. எதிரில் ஒருத்தி தவிக்கும்போது சும்மா இருக்க அவளால் ஆகாது.

"கண்டிப்பா வருவா. நான் கேரண்டி" என்றாள்.

அந்த வார்த்தையை நம்பித்தான் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள்.

கட்டியதும் மெத்தை அக்காவின் மேற்பார்வையில்தான். இடுப்பில் இறுக்காத உடுப்பு. வீட்டில் கீழ் அலமாரியில் கிடந்த பாத்திரமெல்லாம், குனியாமல் எடுக்க, கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. கடைசியாக ஒரு குட்டித் தலையணை. கடையில் மிச்சம் விழுந்த பஞ்சில் அக்காவே தைத்தது. "இருமல் வந்தா, தும்மல் வந்தா, இதை வயித்தோட சேத்து அமுக்கிக்கணும். சிரிப்பு வந்தாலும்தான். ஆனா சிரிக்கவே கூடாது. சிரிக்க வைக்கிற சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா ஒரு மாசத்துக்கு வீட்டுப்பக்கம் வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். அப்படி யாரும் இல்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். "இது தெளிவா, அது தெளிவா" என்று நாளெல்லாம் மற்றவர்களைக் கேட்டுக் கேட்டே அவருடைய பேச்சு தீர்ந்துபோயிருந்தது.

ஆபரேஷன் தியேட்டரின் விளக்கு மெத்தைக் கடை விளக்குபோலத்தான் இருந்தது. மூக்கில் மாஸ்க்கை வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். தண்ணீருக்குள் போகும்முன் இழுப்பதுபோல நன்றாக இழுத்தாள். காது அடைத்தது, குரல்கள் தூரப் போயின. குளம் தெரியும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. யாரோ கன்னத்தைத் தட்டி, "முடிஞ்சதும்மா, கண்ணத் தொறங்க" என்றார்கள்.

பிறகு வந்த நாட்களுக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. வெயில் ஜன்னலில் ஏறி, சுவரில் இறங்கி, தரையில் படுத்தது. அவள் தூங்கினாள், விழித்தாள், கஞ்சி குடித்தாள், மறுபடி தூங்கினாள். காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அதுவும் வரும் என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயமில்லாமல் அழுதாள். அக்கா தினமும் போன் பண்ணினாள். எடுத்ததும் நலம் விசாரிக்கமாட்டாள்.

"காத்து பிரிஞ்சுதா?"

"அக்கா, ஸ்பீக்கர்ல இருக்கீங்க. அவரும் இருக்காரு."

"இருக்கட்டும். அவருக்கு மட்டும் பிரியாதா? பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சொல்லுங்க, பிரிஞ்சுதா இல்லையா?"

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் மனுஷர் வேலையில் குறை வைக்கவில்லை. கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஒருக்களித்து எழுப்பினார், கை பிடித்துக் கூடத்தில் நடக்க வைத்தார், தலை பின்னிவிட்டார். பின்னல் கோணலாக இருந்தது, அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கனவுகள் வந்தன, வராமலில்லை. மாத்திரை போட்டுத் தூங்கினால் எது எதுவோ வந்தது. யாரும் ஏறாத பஸ். அடுக்கி வைத்த நாற்காலிகள். வயிற்றில் அமுக்கியிருந்த குட்டித் தலையணைகூட ஒருநாள் வந்து, வாடகை எவ்வளவு என்று கேட்டது. குளம் மட்டும் வரவில்லை. வழக்கமாக அந்தச் சின்னப் பெண் வரவேண்டிய நாள் வந்தது. அன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தலை வாரிக்கொண்டு, விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல டீச்சர் படுத்தாள். காலையில் கண் விழித்தபோது வயிற்றில் தையல் இழுத்தது. வேறொன்றும் இல்லை. அந்த வெறுமை அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் மெத்தை அக்கா பழங்களோடு வந்தாள். கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார்.

"வரலக்கா" என்றாள் டீச்சர், பழத்தை வாங்காமலே. "நீங்க கேரண்டி குடுத்தீங்க."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் போய்ப் படுத்தேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னொரு தடவை தள்ளிப் போட்டிருப்பேன். இன்னும் கொஞ்ச நாள் அவளைப் பாத்திருப்பேன்."

"கொஞ்ச நாள் பாத்திருப்ப. அப்புறம் நீயே போயிருப்ப" என்றாள் அக்கா. அத்தனை நாள் நீங்க, வாங்க என்று இருந்த பேச்சு அவளை அறியாமல் நீ, வா ஆகிவிட்டது. "ஆனா நான் சொன்னது தப்பு. தெரியாமத்தான் சொன்னேன், வாய்ப் பழக்கம். மெத்தையா இருந்தா திருப்பிக் கொண்டாங்க, மாத்தித் தர்றேன்னு சொல்லுவேன். இதை எங்க போய் மாத்தித் தருவேன்?"

அந்தப் பெரிய குரல் அப்படித் தேய்ந்துபோகும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. கோபம் போய்விட்டது, துக்கம் போகவில்லை. அக்கா பழத்தை நறுக்கி ஒரு துண்டை நீட்டினாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"எதை? அவருக்கு அது ஞாபகமே இருக்காதுக்கா. ஒரு நாள்கூடப் பேசினதில்ல."

"நீ பேசினியா?"

டீச்சர் பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

அக்கா போனபின் கணவர் வந்தார். கீரையைக் கூடத்தில் பரப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆய உட்கார்ந்தார். டீச்சர் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நமக்கு ஒண்ணு தங்காம போச்சே, ஞாபகம் இருக்காங்க?"

அவர் கை கீரையிலேயே நின்றது. நிமிரவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குளத்தை, மஞ்சள் தொப்பியை, ஒரே மூச்சில் கரை கடந்து திரும்பிப் பார்ப்பதை. இனிமேல் வரமாட்டாள் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதுவிட்டாள்.

அவர் ஒரு தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணா?" என்றார்.

"ஆமா."

"இல்லையே. பையனாச்சே."

டீச்சர் முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"என் கடைக்கு வருவான்" என்றார் அவர், கீரையிடம் சொல்வதுபோல. "எப்பவாச்சும்தான், தூக்கத்துல. நாற்காலியில ஏறி உக்காருவான், எதுத்தாப்ல எழுத்துப் பலகை இருக்கும். மேல் வரியெல்லாம் கடகடன்னு படிச்சிருவான். கடைசி வரி மட்டும் தெரியாது. கண்ணாடி மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா அது தெளிவான்னு கேப்பேன். அவனுக்குக் கண்ணு என்னை மாதிரி. கிட்டப் பார்வை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதே இல்ல."

"நீ மறந்துட்டு நிம்மதியா இருக்கேன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, ஆளுக்கொரு பிள்ளையைத் தனித்தனியாக வளர்த்திருக்கிறார்கள்.

"பொண்ணுதாங்க" என்றாள் டீச்சர். "நான் மாசாமாசம் பாத்தவ. எனக்குத் தெரியாதா?"

"தொப்பி போட்டிருந்தா எப்படித் தெரியும்? நீ அவன் முடியப் பாத்தியா?"

"கிட்டப் பார்வைன்னா எதிர்க்கரையைக் கரெக்டா போய்த் தொடுவாளா?"

அவர் யோசித்தார். தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், அசட்டையாகப் பதில் சொல்ல முடியாது.

"அதுக்குத்தான் திரும்பித் திரும்பிப் பாத்திருக்கான்" என்றார். "நீ எந்தக் கரையில நிக்கிறேன்னு தெரிஞ்சிருக்காது. என்கிட்ட கூட்டிட்டு வந்திருந்தா அப்பவே கண்ணாடி போட்டிருப்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் சுரீர் என்றது. தலையணையை வயிற்றோடு அமுக்கினாள், இன்னும் சிரித்தாள், வலித்தது, "சிரிக்க வைக்காதீங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அவர் பதறிக் கீரையை உதறிவிட்டு எழுந்துவந்து, தலையணைமேல் இருந்த அவள் கைகள்மேல் தன் கைகளை வைத்து அமுக்கிக்கொண்டார். அவர் உள்ளங்கையில் கீரை ஈரம் இருந்தது. சிரிப்பு அடங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"உங்ககிட்ட இன்னும் வர்றாளா?" என்று கேட்டாள்.

"போன வாரம் வந்தான். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப, வராண்டா பெஞ்சுல கண் அசந்தேன். அப்ப."

அவள் அவருடைய கோணல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் நேராக வைத்தாள்.

"அடுத்த தடவை வந்தா கொஞ்ச நேரம் உக்கார வைங்க" என்றாள். "வைச்சுட்டு என்னை எழுப்புங்க."