பின்வரிசை

கிரேனின் இரண்டு பட்டைகளும் வயிற்றைக் கவ்விப் பிடிக்க, படகு தண்ணீரைச் சொட்டிக்கொண்டே மேலே எழும்பியது. மாதக்கணக்கில் அதற்குள்ளேயே சமைத்து, துவைத்து, தூங்கி எழுந்தவள் அதன் அடிப்பாகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பாசி தாடி மாதிரித் தொங்கியது. கொட்டலசு என்கிற கூரான ஓட்டுச் சிப்பி கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, கை வைத்தால் கிழித்துவிடுவேன் என்றது. படகைத் தரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியதும், பட்டறை மெக்கானிக் பின்பக்கம் போய், தண்ணீரைத் தள்ளும் விசிறியைத் தாங்கும் தண்டை ஒரு கையால் பிடித்து ஆட்டினான். ஆடக்கூடாத தண்டு ஆடியது.

“ரப்பர் புஷ் தேஞ்சு போச்சு சார். அதான் தண்டு உதறுது. உதறி உதறி, தண்டைச் சுத்தித் தண்ணிய அடைக்கற திரியும் நைஞ்சு போச்சு. அப்புறம் கடல் தண்ணி உள்ள வராம என்ன பண்ணும்?”

அவள் கணவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

மனிதர் வேலை செய்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். “ஆயுசு பூரா மேலயும் கீழயுமே போய்ட்டு வந்தாச்சு, இனிமேலாவது நேரா போவோம்” என்று சொல்லித்தான் இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கினார். கரையை ஒட்டியே, துறைமுகம் துறைமுகமாக, நிலம் முடிந்து திரும்பும் முனை வரைக்கும் போவது என்று திட்டம். ஓய்வு பெற்ற மறுவருஷம் கிளம்புவதாக இருந்தது. அதற்குள் வலது கை நடுங்கத் தொடங்கியது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று மாலையே, “இருக்கும்போதே போய்ட்டு வந்துடலாம்” என்றார். வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். சாமான்களை மகள் வீட்டு மாடியில் அடுக்கினார்கள். கிளம்பிவிட்டார்கள்.

அவள் மருத்துவமனைக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை எத்தனையோ பேருக்கு அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். முதலில் ஆள் தனியாக வருவார். கொஞ்ச காலம் போனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவார். பிறகு மனைவி மட்டும் வருவாள். அப்புறம் ஒரு நாள் அவளும் வராமல் நின்றுவிடுவாள். ஏன் என்று கடையில் யாரும் கேட்கமாட்டார்கள். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடலில் முதல் மாதங்கள் நன்றாகவே போயின. அவர் சுக்கானைப் பிடித்தால் கை அடங்கிவிடும். வாய் ஓயாமல் பேசினார், பாடினார், மீனைத் திட்டினார். பாதி வழியில்தான் படகின் அடித்தளத்தில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. பம்பை ஓடவிட்டுக்கொண்டே இந்தப் படகுத்துறைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

“நான் பண்ணித் தரேன் சார், ஆனா உங்களுக்கு முன்னாடி ஏழெட்டுப் படகு நிக்குது” என்றான் மெக்கானிக்.

“வேண்டாம் தம்பி. என் படகுல நானே கை வெச்சுக்கறேன்.”

மறுநாள் காலை அவர் இன்ஜினுக்குப் பின்னால் இருந்த பொந்துக்குள் தலைகீழாகப் படுத்தார். அவள் வெளியே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்டை இன்ஜினோடு இணைக்கும் நட்டு ஒன்றைக் கழற்றினார். அடுத்த நொடி டங்கென்று ஒரு சத்தம். பிறகு எதுவோ உருண்டு ஓடி அடியில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீருக்குள் விழுந்தது.

“விழுந்துடுச்சா?”

“விழல. நான்தான் அங்க வெச்சேன்.”

“அதுக்குள்ள ஸ்பேனரையும் வெச்சீங்களா? அதையும் காணோமே.”

உள்ளே மூச்சு விட்டு விட்டு வந்தது. அவர் சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, அவர் நடுங்கும் வலது கையை இடது கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பொந்தின் இருட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“வெளிய வாங்க” என்றாள். “நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்.”

“உனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அதனாலதான் சொல்லச் சொல்றேன்.”

அப்படித்தான் அவள் அந்தப் பொந்துக்குள் போனாள். முட்டி சிராய்த்தது, தலைமுடியில் கிரீஸ் அப்பியது. வெளியே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, உள்ளே அவள் கழற்றினாள். அவர் பொறுமைசாலி இல்லை. “இடப்பக்கம்னா உன் இடப்பக்கமா, என் இடப்பக்கமா?” என்று அவள் கேட்டால், “படகோட இடப்பக்கம்!” என்று கத்துவார். ஒருநாள் ஸ்பேனரை வீசிவிட்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே கீழே இறங்கி வந்து, கிரீஸ் படிந்த அவள் நகங்களைப் பார்த்து, “சரி, திட்டல, வா” என்றார். திரும்ப ஏறும்போது ஏணிப்படியில் அவர் கால் வைத்த விதத்தைப் பார்த்தவள் கோபத்தை மறந்து ஓடிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டாள்.

தரையேறிய படகில் குடியிருப்பது ஒரு மாதிரியான பிழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏணி இறங்கவேண்டும். குளிக்கப் பொதுக் குளியலறை, துவைக்கப் பொது மெஷின், அதற்கு முன்னால் ஒரு வரிசை. அந்த வரிசையில்தான் ‘டாட்டா’வைத் தெரிந்துகொண்டாள். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று தடவை எல்லாருக்கும் கைகாட்டி விடைபெற்றுக் கிளம்பியவர். மூன்று தடவையும் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் ஏதோ ஒன்று பழுதாகித் திரும்பிவிட்டார். இப்போது படகுத்துறையின் பின்வரிசையில், தாழ்வான பாலத்துக்கு அந்தப் பக்கம், தன் படகின் மேல்தளத்தில் தக்காளிச் செடி வளர்த்துக்கொண்டு இருக்கிறார்.

“இங்க யாரும் தங்கணும்னு வரல” என்றார், ஈரத் துணியை உதறிக்கொண்டே. “எல்லாரும் ஒரு சின்ன ரிப்பேருக்குத்தான் வந்தோம்.”

“நாங்க போய்டுவோம்ண்ணே” என்றாள்.

“போங்க, போங்க. நானும் டாட்டா காட்டறேன். எனக்குப் பழக்கம்தானே?”

தண்டை உருவி எடுத்தார்கள். மெக்கானிக் புதிய புஷ்ஷை அடித்து ஏற்ற மட்டும் உதவினான். அவள் கொட்டலசைச் சுரண்டினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், அடியில் சிவப்பு வண்ணம் அடித்தாள். கடைசியில், கிரீஸில் ஊறிய திரியை வளையம் வளையமாக வெட்டி, தண்டைச் சுற்றித் திணித்து, மேலே பெரிய நட்டை முடுக்கவேண்டும். அவர் காதைப் படகுச்சுவரில் வைத்துக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

“ரொம்ப இறுக்காத. தண்டு சுத்தும்போது சொட்டுச் சொட்டா விழணும். ஒரேயடியா நின்னுட்டா தண்டு சூடாகிடும்.”

“கொஞ்சம் ஒழுகினாதான் நல்லதா?”

“இதுக்கு மட்டும்தான்” என்றார்.

படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்கிய அன்று, அவள் விளக்கோடு பொந்துக்குள் தலையை நீட்டிக் காத்திருந்தாள். இன்ஜின் ஓடியது. தண்டு உதறாமல் சுற்றியது. ஒரு சொட்டு விழுந்தது. இடைவெளி விட்டு இன்னொன்று. “விழுதுங்க!” என்று அவள் கத்தியதும் மேலே அவர் கையைத் தட்டினார். கரையில் நின்ற மெக்கானிக், “அக்கா, எங்க பட்டறைக்கே வந்துடுங்க” என்றான். அந்த நாள் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்துக்கடையில் பார்த்ததெல்லாம் மற்றவர்களுக்கு நடந்தது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். டாட்டா வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, சொன்னபடியே கைகாட்டினார்.

மதியம் வரை இளங்காற்று. அவர் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, அடுத்த துறைமுகத்தில் என்ன வாங்கவேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் காற்று ஏறியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. பாயைச் சுருக்கவேண்டும், அதற்கு ஒருவர் முன்னால் பாய்மரத்தடிக்குப் போகவேண்டும். எப்போதும் அவர்தான் போவார்.

“நான் போறேன்” என்றாள்.

“நீ சுக்கானைப் பிடி. நாப்பது மாடிக் கட்டடத்துல லிஃப்ட் மேல நின்னு வேலை பார்த்தவன் நான்.”

இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு போனார். மரத்தை அடைந்தார். ஒரு கையால் அதைச் சுற்றிப் பிடித்தார். அப்படியே நின்றார். பாய் தலைக்குமேல் படபடவென்று அடித்தது. அவர் குனியவும் இல்லை, கயிற்றைத் தொடவும் இல்லை.

“என்னங்க! கயிறு!”

அவர் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. வழி தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்ட குழந்தையின் முகம்.

“கால் வரல” என்றார். காற்றில் அது பாதிதான் கேட்டது. “கால் வரலடி.”

ஒரு அலை முன்பக்கம் ஏறி அவரை முழுக்க நனைத்துவிட்டு இறங்கியது. அவள் இன்ஜினைப் போட்டாள். படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு, நான்கு கால்களில் தவழ்ந்து முன்னால் போனாள். எந்தக் கயிறு என்று யோசிக்க நேரமில்லை. கைக்குக் கிடைத்த கொக்கியை விடுவித்தாள், பாய் மொத்தமாக அவர்கள் இருவர் மேலும் சரிந்து விழுந்தது. அந்த ஈரத் துணிக்கடியில் அவர் விரல்களை மரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டிக்கொண்டது.

“என்னை விட்டுட்டுப் போய்ச் சுக்கானைப் பிடி.”

“பேசாம உக்காருங்க. உக்காருங்க சொல்றேன். இப்ப நகருங்க. உக்காந்துட்டே வாங்க.”

தன் வாழ்நாளில் அவரிடம் அந்தக் குரலில் அவள் பேசியதில்லை. அவர் கீழ்ப்படிந்தார். சிறுபிள்ளை போல உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பின்னால் வந்தார். அவரைப் பலகையோடு சேர்த்துப் பட்டையால் பிணைத்துவிட்டு அவள் படகைத் திருப்பினாள். கிளம்பிய இடத்துக்கே போகத்தான் வழி இருந்தது. திரும்புகிற வழியெல்லாம் இன்ஜின் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது. அவள் செய்த வேலையில் எந்தப் பிசகும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஒரு நட்டு கழன்றிருந்தால், ஒரு திரி பிய்ந்திருந்தால், திரும்ப முடுக்கியிருக்கலாம்.

அலைதடுப்புச் சுவருக்குள் நுழைந்தபோது அவர் கேட்டார்: “அடுத்த தடவ நீ மரத்தடிக்குப் போ, நான் சுக்கானைப் பிடிக்கறேன். சரியா?”

“சுக்கானைப் பிடிச்சிருக்கும்போது கை வரலேன்னா?”

கேட்டிருக்கக்கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் ஆமாம், இல்லை, வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் மகள் ஃபோனில் அழுதாள். “இங்க வந்துடுங்கம்மா. நாங்க ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்கறோம்.”

அவள் அவரிடம் சொன்னாள். அவர், “மூணாவது மாடி. அந்தக் கட்டடத்துல லிஃப்டே கிடையாது” என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, நகைச்சுவைக்காகச் சொன்னதும் இல்லை. அந்தப் படிகளை அவரால் இனி ஏறமுடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

படகுத்துறை மேற்பார்வையாளர் அம்மா நல்ல மனுஷி. விருந்தாளிப் படகுகளுக்கான முன்வரிசையில் நிரந்தரமாக நிற்கமுடியாது என்று சொல்வதற்கே சங்கடப்பட்டாள். “பின்வரிசையில இடம் இருக்கு. காத்து வராது, அலை வராது. அவருக்கும் ஏறி இறங்க வசதி. ஆனா அந்தப் பாலத்துக்கடியில போகணும்னா பாய்மரத்தைக் கழட்டணும். கொஞ்ச நாளைக்குன்னா வேற ஏதாவது பாக்கறேன். எத்தன நாளைக்கு இருப்பீங்க?”

“மரத்தைக் கழட்ட கிரேன் என்னைக்கு வரும்?” என்றாள் அவள். மேற்பார்வையாளர் அம்மா அதற்கப்புறம் நாள் கணக்குக் கேட்கவில்லை.

மரத்தை இறக்குவதற்கு ஒரு மதியம் கிரேன் வந்தது. தாங்குக்கம்பிகளை அவளே ஒவ்வொன்றாகக் கழற்றினாள், யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. அவர் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மரம் மேலே எழும்பி, காற்றில் ஒரு சுற்று சுற்றி, மெதுவாகப் படுத்தது. அதைக் கொட்டகைக்குப் பின்னால், இதேபோல் கழற்றிப்போட்ட மரங்களோடு கிடத்தினார்கள். யாரும் முட்டிக்கொள்ளாமலிருக்க மெக்கானிக் அதன் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான்.

“கயிறையெல்லாம் சுருட்டி வெச்சியா?” என்றார். லிஃப்ட் இல்லை என்று சொன்னதற்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

“வெச்சிட்டேன்.”

“முறுக்கில்லாம சுருட்டணும். இல்லேன்னா அவுக்கும்போது சிக்கும்.”

“முறுக்கில்லாமதான் சுருட்டியிருக்கேன்.”

அவர் தலையாட்டினார். யார் அவிழ்க்கப்போகிறார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாலத்துக்கடியில் படகு தடையில்லாமல் நுழைந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கிய குளம்போல அசையாமல் கிடந்தது. சாயங்காலம் காற்று எழுந்தபோது, பாலத்துக்கப்பால் முன்வரிசைப் படகுகளில் கயிறுகள் மரங்களில் மோதிக் கிணுகிணுவென்று சத்தமிட்டன. பின்வரிசையில் எந்தச் சத்தமும் இல்லை. மெக்கானிக் கரைவழியாகக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்த நாற்காலியிலிருந்து அவள் அவரை எழுப்பி, படகில் ஏறும் நடைபலகையில் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“வலது காலை எடுங்க” என்றாள். காத்திருந்தாள்.