சட்டைக்குள் ஒரு சக்களத்தி

எண்பத்தெட்டு ஜனவரியில், என் தங்கச்சி குல்ஷனின் நிக்காவுக்கு முந்தின சாயங்காலம், என் வீட்டுக்காரர் அன்வர் பாஷா பெங்களூரிலிருந்து நல்லம்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். மூன்று மாசம் கழித்துப் பார்க்கிறேன். ஆசையாகக் கிட்டே போனால், மனுஷன் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"பாத்து, பாத்து! உள்ள செல் இருக்கு."

பனியனுக்குள் துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதில் ரோஸ் நிறத் தண்ணீர்.

எனக்கு அவளைத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து என் சக்களத்தி அவள்தான். எலியின் மண்ணீரல் செல்லையும் ஒரு கேன்சர் செல்லையும் ஒன்றாக்கி இவர் பெங்களூர் லேபில் வளர்க்கிறார். அது சுரக்கும் ஆன்ட்டிபாடி, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் கேன்சர் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம், வேறெதையும் தொடாதாம். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அதற்குத் தீனி போடணும் என்று ரம்ஜானுக்குக்கூட வரவில்லை. என்னைப் பெங்களூர் கூட்டிப்போங்க என்றால், "செல் நிலைக்கட்டும், அப்புறம் வூடு பாக்கலாம்" என்பார்.

"இதை எதுக்குங்க இங்க தூக்கிட்டு வந்தீங்க?"

"சூட்டுல வெக்கிற பெட்டி ரிப்பேர் ஷகிலா. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. மிஞ்சினது இது ஒண்ணுதான். உடம்புச் சூட்டுலயே இருக்கணும்."

என்னை ஒரு நாளாவது இப்படி நெஞ்சோடு வைத்துக்கொண்டதுண்டா? எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் நிக்கா முடிந்ததும் ஆண்கள் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவ எழுந்தார்கள். எங்கள் வீட்டில் மூத்த மருமகன்தான் முதலில் தழுவணும். பொம்மிடி சம்பந்திகள் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் கையை நீட்டினால் மானம் போகும், தழுவினால் குப்பி போகும். பெண்கள் பக்கத்துக் கதவுக்கு இவர் என்னிடம் ஓடிவந்தார்.

"கொஞ்ச நேரம் நீ வெச்சுக்க. நெஞ்சோட வெச்சுக்க, ஆறிடக் கூடாது."

ரவிக்கைக்குள் வைத்தேன். அவருடைய சூடு இன்னும் அதில் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது. கொல்லையில் அம்மிக்கல் இருக்கிறது. கை தவறி விழுந்துவிட்டது என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? எழுந்தே விட்டேன்.

அதற்குள் குல்ஷன் புகுந்த வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

"அக்கா, போய்ட்டு வர்றேன்க்கா!"

அழுதபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு ஓரடி பின்னால் போனேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. நேற்று வாசலில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். அவளை இழுத்து வலது தோளில் மட்டும் சாய்த்துக்கொண்டு, இடது கையை நெஞ்சிலிருந்து எடுக்காமலே அழுதேன்.

கார் போனதும் இவர் வேர்க்க விறுவிறுக்க வந்து கையை நீட்டினார்.

"பத்திரமா இருக்குதா? குடு."

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை, பாருங்கள்.

"இருக்குதுங்க. ஆனா தர மாட்டேன்."

"விளையாடாத ஷகிலா. நாளைக்குக் காலையில பஸ்ஸு."

"ரெண்டு டிக்கெட்டா எடுங்க. இது என்கிட்டயே இருக்கட்டும். பெங்களூர்ல வூடு பாத்துட்டு வந்து கேளுங்க, தர்றேன்."