இரண்டாவது கியர்

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளியதும் மாமனாரின் பழைய ரெண்டு சீட்டுக் கார் பல்லைக் கடித்தது. கர்ரென்ற அந்த அதிர்வு கியர் தண்டு வழியாக ஏறி அவள் முழங்கை வரை வந்தது. கிளட்சை முழுசாக மிதித்து மறுபடி தள்ளினாள். மறுபடியும் அதே அரைப்பு. தெருமுனையில் திரும்பும்போது மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். திறந்துதான் இருந்தது. கட்டிலை அங்கே போடச் சொன்னவரே அவர்தான்.

காலையில் அவர் தண்ணீர்கூட வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். "மெக்கானிக்கம்மா, வண்டிய ஒரு சுத்து ஓட்டிட்டு வாயேன். சத்தம் கேக்கணும்" என்று மட்டும் சொன்னார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பியதிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வாசலில் கணவன் நின்றிருந்தான். முகம் கொள்ளாத சிரிப்பு.

"எப்படி ஓடுது? நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் கியர் பாக்ஸ் ஆயில நானே மாத்திட்டேன்!"

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? நீயும் அப்பாவும் பண்றத எத்தனை தடவை பாத்திருக்கேன்." காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினான். "கடைக்காரன் ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு ரெண்டு எடுத்து வெச்சான். அஞ்சையே குடுங்கன்னுட்டேன். அப்பா வண்டிக்கு எதுக்குக் குறைச்சலா ஊத்தணும்?"

அவன் புறங்கையில் சைலன்சர் சுட்ட கொப்புளம் பளபளத்தது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கணக்கு எழுதிப் பிழைக்கிற கை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு போல்ட்டின் மரையைக் கெடுத்துவிட்டான் என்று, "உன் கை பேனா பிடிக்கத்தான் லாயக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ரெண்டு சீட்டு வண்டிப் பக்கம் அவன் துடைக்கக்கூடப் போனதில்லை.

ஐந்து, நாலைவிட உயர்ந்ததில்லை. அது வேறு வேலைக்கான எண்ணெய். பின் அச்சுக்கு நல்லது. இந்தப் பழைய கியர் பாக்ஸுக்குள் இருப்பவை பித்தளை வளையங்கள். அவை உரசிப் பிடித்து வேகத்தைச் சமன்செய்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். எண்ணெய் மிஞ்சி வழுக்கினால் பிடிப்பு போய்விடும். நாளாக நாளாக அதில் கலந்த ரசாயனம் பித்தளையையே அரித்துவிடும். மாமனாரும் அவளும் சேர்ந்தே ஒருமுறை இந்தத் தப்பைப் பண்ணிவிட்டு, வளையம் தேடிப் பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

"அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்று அவன் படியில் கால் வைத்தான்.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் முந்திக்கொண்டு ஏறினாள்.

மாமனார் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

"ரெண்டாவது அரைக்குது" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அன்னிக்குக் கேட்ட அதே சத்தம். அஞ்சை ஊத்தியிருக்கு. யாரு... அவனா?"

கீழே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறான் போலிருந்தது.

"நான்தான் மாமா."

அவர் அவளையே பார்த்தார்.

"உனக்குத் தெரியுமே."

"மறந்துட்டேன்."

"மறக்கற விஷயமா அது? அன்னிக்கு அவ்வளவு அலைஞ்சோமே. உன்கிட்ட நான் எதிர்பாக்கல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் முகம் திருப்பியதில்லை. போர்வையைச் சரிசெய்யக் கை நீட்டியவள், தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

ஈரக் கையோடு கணவன் வந்தான். "அப்பா..."

"தூங்கறாரு. அப்புறம் சொல்லுங்க."

"ஒரு வார்த்தைதானே."

"அப்புறம்னு சொல்றேன்ல!"

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்க்க மாட்டாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். சரியான எண்ணெயை ஊற்றி, சாயங்காலத்துக்குள் இன்னொரு சுற்று ஓட்டிக் காட்டிவிட வேண்டும். காதால் கேட்டால் கோபம் தானாகப் போய்விடும்.

கடைக்காரர் நீட்டிய டப்பாவில் நாலு, ஐந்து இரண்டுமே போட்டிருந்தது. "எல்லாத்துக்கும் இதே ஊத்தலாம்மா" என்றார். "எல்லாத்துக்கும் வேண்டாம். வெறும் நாலு குடுங்க. பித்தளை வளையம் போட்ட பழைய பாக்ஸ்." அவர் பின்கட்டுக்குப் போய் ஏணி போட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவன் அவள் பெயரை மட்டும் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனால் முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வீடு நிறையத் துக்கம் கேட்க வந்தவர்கள். "மருமகளா இருந்தாலும் மகள் மாதிரி பாத்துக்கிட்டா" என்று யாரோ அவள் காதுபடச் சொன்னார்கள். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிய தம்ளர்களையே திரும்பக் கழுவினாள். பொய் சொல்லாமல் இருந்திருந்தால்? அப்போது அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிய முகம் அவனுக்கல்லவா மிஞ்சியிருக்கும். இதை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஒரு பக்கம் உதைத்தது.

எல்லோரும் போன மறுநாள் காலை அவள் வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸ் எண்ணெயை வடிக்கும் திருகைக் கழற்றினாள். எண்ணெய் இன்னும் தேன் நிறத்திலேயே இருந்தது. கணவனின் செருப்புகள் வந்து நின்றன.

"புதுசாத்தானே இருக்கு. எதுக்கு எடுக்கற?"

அவள் ஒழுகும் எண்ணெய்க்கு நேராகத் தட்டை நகர்த்தினாள். அவன் குந்தி உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீ போனப்புறம் அப்பா முழிச்சாரு. நான் சொல்லிட்டேன், ஆயில் மாத்தினது நான்தான்னு."

அவள் கை திருகோடு அப்படியே நின்றது. "என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எங்கூட அவரு என்னைக்கு நிறையப் பேசியிருக்காரு? இந்தக் கொப்புளத்தைத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் உன்னை எங்கேன்னு கேட்டாரு. கடைக்குன்னேன். எதுக்குன்னு தெரியலப்பான்னேன்." அவன் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியும்னாரு. வரட்டும்னாரு. உன்னைக் கேட்டுட்டே இருந்தாரு."

அவன் குனிந்து, தட்டில் விழுகிற எண்ணெயைப் பார்த்தான்.

"நான் ஊத்தினது தப்பு. அதானே?"

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையோடு ஊர்ந்து உள்ளே வந்தான். ஒழுக்கு நூலாக மெலிந்து, சொட்டாகி, ஒவ்வொரு சொட்டுக்கும் நேரம் எடுத்துக்கொண்டது. இருவரும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.